விருந்தாளிக்குக் காய்ச்சிய தண்ணீர்

செண்டாயானில் நான் வேலை பார்க்கும் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் ஒரு வடிகட்டும் இயந்திரம் இருக்கிறது. அதன் முதுகில் காப்புரிமை எண் பொறித்த ஒரு தகடு. அதைக் கண்டுபிடித்தவர் எந்த ஊர்க்காரரோ, மெனக்கெட்டு யோசித்திருக்கிறார். வடிதாள் கோணலாக உட்கார்ந்தால் திரையில் சிவப்பு எழுத்து வரும். போத்தலை மாற்றி வைத்தால் கத்தும். தப்புச் செய்யவே விடாத அந்தத் திரையை எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது அதன் சத்தம். தண்ணீரை உறிஞ்சும்போது மடக் மடக்கென்று, என் அண்ணன் வேலை முடிந்து வந்து செம்பைத் தூக்கிக் குடிப்பது மாதிரியே இருக்கும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகக் கிடந்து அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தச் சத்தம் கேட்டாலே பிடரி சில்லிடுகிறது. திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

லிங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் அண்ணியும் பிள்ளைகளும் இன்னும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். தண்ணீர் கெட்டது என்று ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் குழாய் போடுவோம் என்று தோட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது.

கிருமி நீக்கிய போத்தல் ஒன்றை அண்ணியிடம் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னேன். தந்தார். இயந்திரம் மடக் மடக்கென்று வடித்தது. வடிதாளைக் கிருமி வளரும் தட்டில் வைத்து, மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லை. இயந்திரம் தட்டைப் படம் பிடித்துப் பச்சை காட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சை என்றால் குழாய் கிடையாது. உடனே அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, கிணத்துத் தண்ணிதானே மொண்டிங்க?"

"கிணத்துதாம்மா. துணியில வடிகட்டி, நல்லாக் கொதிக்க வச்சு, ஆறவச்சுத்தான்லா ஊத்துனேன். ஆபீஸுக்குப் போற தண்ணி, அசிங்கமாவா குடுக்கறது?"

தலையில் அடித்துக்கொண்டேன். அத்தனை தப்பையும் யோசித்து வைத்த அந்த மனிதர் என் அண்ணியை மட்டும் யோசிக்கவில்லை.

"வீட்டுல நீங்க எப்படிக் குடிப்பிங்க?"

"நாங்க எங்க காய்ச்சுறோம்? அப்படியே மொண்டு குடிக்கறதுதான். விருந்தாளி வந்தா, நீ வந்தா, அப்பதான் அடுப்புல வைப்பேன். டவுன்காரி ஒடம்பு தாங்காதுல்ல?"

ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்குக் கண்ணாடி கிளாஸில்தான் தண்ணீர் வரும், லேசான சூட்டோடு. பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் செம்பில் குடிப்பார். ஒரே வீட்டில், ஒரே கிணற்றிலிருந்து இரண்டு தண்ணீர். பிறந்த வீட்டில் நான் எப்போது விருந்தாளி ஆனேன்?

அந்தச் சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய் நானே வாளியில் இறைத்து, போத்தலில் பிடித்துக் கொண்டுவந்தேன். அதை இயந்திரம் உறிஞ்சியபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. தட்டு முழுக்கப் புள்ளிகள், திரை முழுக்கச் சிவப்பு. ரிப்போர்ட்டைப் பார்த்த நிர்வாகம் குழாய்க்குச் சம்மதித்தது.

அண்ணியிடம் போனில் சொன்னேன். "குழாய் வரும் அண்ணி. அதுவரைக்கும் பிள்ளைங்களுக்குக் காய்ச்சியே குடுங்க."

அவர் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் போனில் கேட்டது.

"ஒனக்குக் காய்ச்சுன அதே அடுப்புதாம்மா," என்றார். "அவருக்கும் சேத்து ஒரு செம்பு ஊத்தியிருக்கலாம்."