பூசையில்லாத ஞாயிறுகளில் பிலோமினாள்

போன வாரம் எங்கள் பக்கத்து மனையில் சென்ட்ரிங் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாம்பலகை. இரவெல்லாம் மழையில் நனைந்து, காலையில் சன்னலைத் திறந்ததும் ஒரு புளித்த வாசனை உள்ளே வந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அது வெறும் ஈரமரம். நான் மட்டும் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். நனைந்த மாம்பலகை என்றால் எனக்கு ஒரு சவப்பெட்டி. உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வது.

எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, முகையூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு வாத்தியாராகப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள். பங்குச் சாமியாருக்கு இதுபோல் நிறைய ஊர்கள் என்பதால், மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் வாத்தியார்தான் வழிபாடு நடத்த வேண்டும். வேலையில் சேரும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். பீடத்துக்குப் பின்னால் கரும்பலகை. வெள்ளிக்கிழமை போட்ட வகுத்தல் கணக்கு ஞாயிறன்றும் அப்படியே இருக்கும். தை, மாசியில் யாராவது மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையை ஓரமாக அடுக்கிவிட்டுப் போவார்கள், ஜெபத்தின் நடுவே எலி ஓடும். சாமியாரின் நாற்காலியில் நான் உட்காரக் கூடாது, பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். ஜனங்கள் என்னைப் பார்த்து ஜெபித்ததே இல்லை, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துத்தான் ஜெபித்தார்கள். நான் பைபிள் வாசகம் படிப்பேன், அச்சடித்து வந்த பிரசங்கத்தை வாசிப்பேன், பாட்டும் பாடுவேன். நான் பாடும்போது முன்னால் இருக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வது பக்தியால் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்து பஸ் நின்றுபோனது. அப்போதுதான் சவரிமுத்துவின் மனைவி பிலோமினாள் செத்துப்போனாள். கைக்குழந்தைக்காரி. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்றாளாம். பிறகு இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது, கொஞ்ச நேரத்தில் மூச்சும் அடங்கிவிட்டது. டாக்டரும் அக்கரையில், சாமியாரும் அக்கரையில். வீடு முழுக்க ஒழுகியது, பிணத்தை வைத்துக்கொண்டிருக்க இடமில்லை. சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஈர மாம்பலகையிலேயே ஒரு பெட்டி அடித்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் எனக்கு ஒருவர் குடை பிடித்தார். நான் அடக்க ஜெபங்களைப் படித்தேன். ஜனங்கள் நனைந்துகொண்டு பதில் சொன்னார்கள். பெட்டியைக் கயிற்றில் பாதி இறக்கியிருப்பார்கள். நான் ஒரு ஜெபத்தை முடித்து, எல்லாரும் ஆமென் சொன்ன பிறகு, கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பலகையை நகத்தால் கீறுகிற மாதிரி. நான் நிறுத்தினேன். கோயில் மணி அடிக்கிற அந்தோணி கயிற்றைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்க சார். படிச்சிக்கினே இருங்க."

நான் படித்தேன். ஆமென் வந்தது. அது அடங்கியதும் மறுபடியும் கீழேயிருந்து அதே சத்தம். அடுத்த ஜெபத்துக்கும் அப்படியே. கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர ஆரம்பித்தார்கள். சவரிமுத்து மட்டும் நகரவில்லை. பெட்டியை மேலே இழுக்கச் சொல்லி, கடப்பாரையை வாங்கி மூடியைப் பெயர்த்தான். பிலோமினாள் கண் திறந்திருந்தாள். மழை முகத்தில் விழுந்தும் இமைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வெள்ளம் வடிந்ததும் அவளை விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். கட்டுவிரியன் கடித்திருக்கலாம் என்றார். தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாதாம். உடம்பு மொத்தமும் மரத்துப்போகும், மூச்சு இருப்பதே வெளியே தெரியாது, ஆனால் காது கேட்கும். அவள் பிழைத்தது அபூர்வம் என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. ஊரில் வந்து விளக்கமாகச் சொன்னேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"அது சரி சார்" என்றார் அந்தோணி. "ஆனா ஜெபம் சொல்லியாச்சில்ல. சாமியார் வந்து செஞ்சிருந்தா ஒண்ணு போயிருப்பா, இல்ல முன்னாடியே எழுந்திருப்பா. இப்ப பாதியில நிக்கிறா."

சாமியார் அடுத்த முறை வந்தபோது அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார், ஊரைக் கண்டித்தார். "சரிங்க சாமி" என்றார்கள். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் மறைந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. அவளை யாரும் ஏசவில்லை, விரட்டவில்லை. கூழ் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். பெட்டியை உடைத்துத் திறந்த சவரிமுத்துவே வெளியில் மாட்டுக்கொட்டகையில் படுத்தான். குழந்தையை அவனுடைய அக்கா மதலேன் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டாள்.

பிலோமினாள் ஞாயிறு தவறாமல் வந்தாள். உள்ளே வரமாட்டாள். வாசலுக்கு வெளியே, படிக்குக் கீழே உட்காருவாள். நான் ஜெபம் சொல்வேன், ஜனங்கள் ஆமென் சொல்வார்கள், எல்லாம் அடங்கிய பிறகு வெளியேயிருந்து அவளுடைய ஆமென் தனியாக வரும். ஒரு மூச்சு தாமதமாக. வேண்டுமென்று செய்தாளா, உடம்பு இன்னும் மெதுவாகத்தான் இயங்கியதா, தெரியாது. நண்பரே, அந்த ஒற்றைக் குரல் வரும்போது கோயிலுக்குள் இருந்த அத்தனை முதுகும் விறைப்பதை முக்காலியில் இருந்து நான் பார்த்திருக்கிறேன். கல்லறையில் அந்தக் கீறல் வந்ததும் இப்படி ஆமென் அடங்கிய பிறகுதான்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"சார், பெட்டிக்குள்ள எனக்கு எல்லாம் கேட்டுச்சி. நீங்க சொல்லச் சொல்ல நானும் பதில் சொல்லிக்கினுதான் இருந்தேன். வாயி வர்ல. அதான் வெரலால சொன்னேன்."

கையிலிருந்த சாக்பீஸை வைத்துவிட்டு நான் வாசலருகே வந்தேன்.

"நான் தனியா சொல்லல சார். பக்கத்துல இன்னும் யாரோ சொல்லிக்கினு இருந்தாங்க. வெளிய இருந்தவங்க இல்ல. அவங்க சொல்லி முடிச்சப்புறம்தான் நான் சொல்லுவேன்."

டாக்டர் சொன்னதில் இதற்கு இடமில்லை. வெயில் நேரம், வாசலில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

"அது யாருன்னு பயமா இல்லியாம்மா?"

"இல்ல சார். என் கொழந்தைய குடுக்க மாட்டேன்றாங்களே, அதான் பயமா இருக்குது. நீங்கதான என்னை அனுப்பினீங்க. நீங்களே திரும்ப கூப்பிட்டுருங்க."

அன்று ஜெபப் புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். செத்தவரை அனுப்பத்தான் ஜெபம் இருந்தது, அனுப்பியவரைத் திரும்பக் கூப்பிட ஒன்றும் இல்லை. ஞானஸ்நானச் சடங்கில் மட்டும் ஒன்று கண்ணில் பட்டது: குழந்தையைக் கோயில் வாசலில் நிறுத்தி, முதலில் அதன் பெயரைக் கேட்பார்கள். பெயர் சொன்ன பிறகுதான் உள்ளே அழைப்பது. இரண்டாம் முறை ஞானஸ்நானம் கொடுக்க எனக்கு மட்டுமல்ல, யாருக்கும் உரிமையில்லை. பெயர் கேட்கத் தடையில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். சாமியாரிடம் அனுமதி கேட்கவில்லை; கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அந்த ஞாயிறு வழிபாட்டைத் தொடங்காமல் நேரே நடந்து வாசலுக்குப் போனேன். படிக்குக் கீழே அவள் எழுந்து நின்றாள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவங்க பேரு என்ன?" என்றேன், உள்ளே பார்த்து.

யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டேன். சவரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியவில்லை. ஒருவரும் சொல்லாவிட்டால் அவள் நிரந்தரமாக வெளியில்தான், அதைச் செய்தவன் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பீடத்துக்கு நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மதலேன்தான் பேசினாள். குரலில் பாசமெல்லாம் இல்லை, எரிச்சல்தான்.

"பிலோமினா. வேற யாரு. உள்ள வரச் சொல்லுங்க சார், வெயில் ஏறுது. ஜெபம் முடிஞ்சி நாங்க கேப்பை அறுக்கப் போவணும்."

அவள் உள்ளே வந்து மதலேன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மதலேன் கொஞ்சம் நகர்ந்தாள், ஆனால் எழுந்து போகவில்லை. குழந்தையை நீட்டினாள். அது தாயை அடையாளம் தெரியாமல் வீறிட்டு அழுதது. அதற்குப் பழக வெகுநாள் ஆயிற்று. சவரிமுத்து வீட்டுக்குள் படுக்க இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. அந்தோணி கடைசிவரை அவளுக்கு எதிரில் வரவே இல்லை.

அவளுடைய ஆமென் மட்டும் அப்படியேதான் தாமதமாக வந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்து சொன்னதாலோ என்னவோ, பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்காகக் கொஞ்சம் நிறுத்த ஆரம்பித்தார்கள். பிறகு அடுத்த வரிசை. நான் மாற்றலாகிப் போகும்போது ஊரே ஒரு மூச்சு விட்டுத்தான் பதில் சொன்னது. பூசைக்கு வருகிற சாமியார் ஒவ்வொரு முறையும் தடுமாறுவார். "இந்த ஊர்ல ஏன் இப்படி இழுக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டார். பழக்கம் என்றேன். அந்த இடைவெளியில் அவர்கள் யாருக்காகக் காத்திருந்தார்கள், அவளுக்கா, அவளுக்கு முன்னால் சொல்கிற அந்த இன்னொருவருக்கா என்று எனக்கே நிச்சயமில்லை.

திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, இரண்டு வருஷம் முன்பு, அந்த ஊருக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். பழைய கட்டடம் இல்லை. டைல்ஸ் போட்ட பெரிய கோயில், இரண்டு ஸ்பீக்கர். ஊர் தனிப் பங்காகிவிட்டது; சாமியார் அங்கேயே தங்குகிறார், தினமும் பூசை. மாலைப் பூசையில் கடைசி வரிசையில் நின்றேன். பதில்கள் மைக்கில் சடசடவென்று வந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக. மூச்சு விட இடமில்லை.

வெளியே வந்து ஒரு இளைஞனிடம் பிலோமினாளைப் பற்றி விசாரித்தேன். மதலேன் பேரன்தான். சவரிமுத்துவும் மதலேனும் போய் வெகுநாள் ஆகிறதாம்.

"அந்த ஆயாவா சார்? பொண்ணோட பெங்களூரு போனாங்க. அப்புறம் சேதி ஒண்ணும் வர்ல."

"இருக்காங்களா?"



"தெர்ல சார். செத்துட்டாங்கன்னு யாரும் வந்து சொல்லல" என்றான்.