பின்னறைச் சுவர்

முப்பத்து மூன்று வயதில் மறுபடியும் கல்லூரியில் சேரப்போகிறேன், இரண்டு மூன்று வருஷம் வீட்டில் இருந்து படிக்கலாமா என்று போனில் கேட்டபோது, அப்பா ஏன் எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. "வந்துரு அம்மணி" என்றார். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே நான் படித்திருக்க வேண்டிய படிப்பு அது. சிவில் டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேர இடமும் கிடைத்திருந்தது. அந்த மாதம்தான் அப்பா வேலை பார்த்த ஃபவுண்டரியில் உருக்கிய இரும்பு தெறித்து அவர் வலது கை வெந்துபோனது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நான் சென்னையில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் வரைந்த கட்டடப் படங்களில் பி.இ. முடித்த, என்னைவிடச் சின்னவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் போதும் என்று தோன்றிவிட்டது.

எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து நாலு வீதி உள்ளே தள்ளி இருந்தது. வீதி முழுக்க லேத் பட்டறைகள். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இரும்பு அரைபடும் சத்தம்தான். அந்த வீட்டை அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாகக் கட்டினார். அஸ்திவாரக் குழியை அவரும் அம்மாவும்தான் தோண்டினார்கள்.

ஜூலையில் பெட்டிகளோடு வந்து இறங்கினேன். பின்னறையை எனக்கென்று ஒழித்துவைத்திருந்தார்கள். மேஜை, நாற்காலி, புது டியூப்லைட். சுவருக்குப் புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. வீட்டில் வேறு எந்த அறைக்கும் அடிக்கவில்லை. ஹாலில் பழைய சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. எனக்காகத்தான் இந்த அறைக்கு மட்டும் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு நிறைந்து கிடந்தது.

பின்னறை ஜன்னலைத் திறந்தால் முன்பெல்லாம் பக்கத்துக் காலி மனையும் வேப்பமரமும் தெரியும். இப்போது மரம் இல்லை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தகரத் தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ வணிக வளாகம் வருகிறது, கார் நிறுத்தப் பூமிக்கு அடியில் இரண்டு தளம் என்று அம்மா சொன்னாள். மொட்டைமாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் காம்பவுண்டிலிருந்து ஐந்தடி தள்ளி மண்ணை நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தார்கள். தாங்கு சுவர் எதுவும் இல்லை. மேலே ஒரு ஆள் உயரத்துக்குக் கரிசல், அதன் கீழே வெளுத்த மண். வெட்டிய முகத்தில் வேப்பமரத்தின் வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மூன்றாவது வாரம் புதுப் பெயிண்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு வந்தது. ஜன்னலின் கீழ் மூலையில் தொடங்கிச் சாய்வாகத் தரையை நோக்கி இறங்கியது. நகத்தால் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் அடைத்துப் பூசிய பட்டி, பட்டிக்கு அடியில் என் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு அகலமான பழைய விரிசல். நான் வருவதற்கு முன்பே இருந்த விரிசல்.

அப்பாவிடம் கேட்டேன். வெயில் காலத்தில் எல்லாச் சுவரும் அப்படித்தான், மழை பெய்தால் கூடிக்கொள்ளும் என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை.

விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டிவிட வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகராவிட்டால் அப்படியே இருக்கும். நான் மூன்று இடங்களில் ஒட்டினேன். அப்பா சிமெண்ட் குழைத்த கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்கு என்று விளக்கிச் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

தினமும் கல்லூரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடிகளைத்தான் பார்ப்பேன். மூன்றும் முழுசாக இருந்தன. ஆகஸ்ட் முழுக்க இருந்தன. அம்மாகூட ஒருநாள், "பாரு கண்ணு, ஒண்ணும் ஆகலை. நீ நிம்மதியாப் படி" என்றாள்.

ஆனால் வீடு வேறு மாதிரி நடந்துகொண்டது. பின்னறைக் கதவு நிலையில் உரசத் தொடங்கியது. சமையலறையில் தரை ஓடு ஒன்று நடுவில் வெடித்தது. மேஜையில் பென்சிலை வைத்தால் பக்கத்து மனைப் பக்கமாக உருண்டது. பகலில் பொக்லைன் வாளி மண்ணில் மோதும்போது சொம்பில் இருக்கும் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது. சத்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. சுவருக்குள்ளிருந்து மணல் உதிர்வது அன்றைக்குத்தான் காதில் விழும்.

இவ்வளவும் நடக்கிறது, கண்ணாடி மட்டும் உடையவில்லை. நான் சரியாக ஒட்டவில்லையோ என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் பக்கத்து மனைக்குப் போய் அங்கிருந்த சைட் இன்ஜினியரைப் பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். மரியாதையாக நாற்காலி போட்டார். "ஒண்ணும் ஆகாதுங்க. எல்லாம் டிசைன் பண்ணித்தான் செய்யறோம்" என்றார். சென்னையில் ஒரு வேலையின்போது பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி இப்படித்தான் என்னிடம் வந்து கேட்டாள். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைத்தான் நான் அவளிடம் சொன்னேன். அந்த வீடு என்ன ஆயிற்று என்று நான் பிறகு போய்ப் பார்க்கவில்லை.

பேரூராட்சி அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் மண்ணியல் வகுப்பில் பக்கவாட்டு மண் அழுத்தம் பற்றிப் பாடம் நடந்தது. ஆசிரியர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். வகுப்பு முடிந்ததும் நோட்டில் ஒரு படம் வரைந்து அவரிடம் காட்டினேன். குழியின் ஆழம், வீட்டுக்கும் குழிக்கும் இடையே உள்ள தூரம், மண்ணின் அடுக்கு. யாருடைய வீடு என்று சொல்லவில்லை. அவர் பேனாவால் ஒரு சாய்கோடு போட்டார். கோடு எங்கள் ஹாலின் நடுவே போனது.

"தண்ணி எறங்குச்சுன்னா இதுக்கு இந்தப் பக்கம் இருக்கறது எதுவும் நிக்காதுங்க. இதுல ஆள் குடியிருக்காங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறார்கள் என்றேன்.

"மழைக்கு முன்னாடி காலி பண்ணச் சொல்லிடுங்க."

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். கண்ணாடி உடையாதபோது எதை வைத்து நான் வாதாடுவது?

ஆயுதபூஜைக்கு முதல் நாள் வீடு துடைத்துக்கொண்டிருந்தோம். ஹாலில் மாட்டியிருந்த போட்டோக்களை இறக்கி ஈரத்துணியால் துடைப்பது என் வேலை. அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோவைத் துடைத்தபோது துணி வழுக்கவில்லை. காகிதத்தில் ஒட்டியது. தடவிப் பார்த்தேன். சட்டத்தில் கண்ணாடி இல்லை. அடுத்ததை எடுத்தேன், நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய போட்டோ. அதிலும் இல்லை. சின்னச் சின்னப் படங்களாக ஏழு சட்டத்தில் கண்ணாடி இல்லை.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். அம்மா கடலை வேகவைத்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"எத்தனை தடவைம்மா?" என்று கேட்டேன்.

"நாலு தடவை உடைஞ்சுது கண்ணு. நீ காலேஜுக்குப் போனதுக்கப்புறம் இந்தப் படத்துக் கண்ணாடிய வெட்டி உங்கப்பா மாத்தி ஒட்டிருவாரு. ஒடஞ்சதை நான் கூட்டி அள்ளிருவேன்."

"ஏம்மா?"

"ஒருக்கா அவரால உன் படிப்பு நின்னுபோச்சு. இன்னொருக்கா இந்த ஊட்டால நிக்கக் கூடாதுன்னாரு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு மாதத்தில் சுவர் நாலு தடவை நகர்ந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே இரண்டு பேரும் எனக்கு ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்பா வந்ததும் நான் எதையும் கேட்கவில்லை. மழைக்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்று மட்டும் சொன்னேன். தன் கையால் போட்ட அஸ்திவாரம், தனக்குத் தெரியாதா என்றார். அம்மாதான் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"ஏனுங்க, நானும் பிள்ளையும் போறோம். நீங்க வர்றப்ப வாங்க" என்றாள்.

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அடுத்த வாரமே இரண்டு வீதி தள்ளி மாடியில் இரண்டு அறை பார்த்து நாங்கள் குடிபோனோம். அப்பா வரவில்லை. காலையும் ராத்திரியும் நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார். பின்னறைக் கதவை மூடி, அதன் கீழிடுக்கில் துணி அடைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால் தூசி வருகிறது என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை இட்லியோடு போனபோது எங்கள் காம்பவுண்டுச் சுவர் அங்கே இல்லை. ராத்திரியே குழிக்குள் போயிருக்கிறது. முன்கதவைத் தட்டினேன். அப்பா ஜன்னலுக்கு வந்தார்.

"கதவு தொறக்க மாட்டேங்குது அம்மணி. விடியறப்பவே பாத்துட்டேன்" என்றார். பதறாமல் சொன்னார்.

கதவு நிலை கோணலாகியிருந்தது. மேல்மூலையில் கதவின் மீது சுவரின் பாரம் இறங்கியிருந்தது. சத்தம் கேட்டு ஒருவர் கடப்பாரையோடு ஓடிவந்தார். கதவில் கை வைக்க வேண்டாம் என்று நான் குறுக்கே நின்றேன். அந்தக் கதவுதான் இப்போது சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியை அறுப்பது ஒன்றுதான் வழி. எதிர்ப் பட்டறைக்காரர் கட்டிங் மெஷினையும் நீள வயரையும் எடுத்துவந்தார்.

அந்தக் கிரில் அப்பா செய்தது. உள்ளே நின்றுகொண்டு எந்த வெல்டை முதலில் அறுக்க வேண்டும், எதைக் கடைசியில் அறுக்க வேண்டும் என்று அவரே விரலால் காட்டினார். நெருப்புப்பொறி அவர் சட்டையில் விழுந்தது. மெஷின் நின்ற இடைவெளியில் வீட்டின் பின்பக்கத்திலிருந்து யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். "அறுங்கண்ணா" என்றேன்.

வெந்த கையை முதலில் நீட்டினார். நானும் பட்டறைக்காரரும் இழுத்து வெளியே எடுத்தோம். அவர் சட்டையெல்லாம் துரு. வீதிக்குக் கூட்டிவந்து ஒரு லேத் பட்டறை வாசலில் உட்காரவைத்தோம். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பின்னறை விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது மாதிரி. ஈரம் என்பதால் தூசிகூட எழவில்லை. பச்சைச் சுவரில் ஒரு துண்டு மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பிறகு அதுவும் சரிந்தது.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "உன் புஸ்தகமெல்லாம் எடுத்துட்டியா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டனுங்கப்பா" என்றேன்.

அதற்கப்புறம் அதிகாரிகள் வந்தார்கள், நாடா கட்டினார்கள், மீதி வீட்டையும் இடித்தார்கள். குழியில் சில வாரம் வேலை நின்றது. பிறகு கம்பி கட்டும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இப்போது அங்கே இரண்டு மாடி எழும்பிவிட்டது. எங்கள் மனை முள் வேலியோடு கிடக்கிறது. மனு இன்னும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது.

நான் இறுதியாண்டுக்கு வந்துவிட்டேன். மாடி அறையில் மூன்று பேரும் இருக்கிறோம். அப்பா நாள்தோறும் காலையில் பழைய மனைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார். கால்மிதியில் அவர் செருப்பைத் தேய்க்கும்போது கரிசல் கட்டி கட்டியாக உதிரும். சென்ற மாதம், அதே இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்ட முடியுமா, படித்த பெண் நீ சொல், என்று கேட்டார். மண்ணைப் பரிசோதிக்காமல் சொல்ல முடியாது என்றேன். உடனே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். ஆழத்தில் துளைபோட்டு மண் எடுத்துப்போனார்கள். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அறிக்கை வந்து பத்து நாளாகிறது. ஒரே பக்கம்தான். முதல் வரியிலேயே பதில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியும். அப்பா ஒவ்வொரு நாளும் நான் கல்லூரியிலிருந்து வந்ததும், "வந்துச்சா அம்மணி?" என்று கேட்கிறார்.

இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.