கிளட்சில் வைத்த கால்

கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் நான் காரைத் தூக்கி, கட்டை வைத்து முட்டுக்கொடுத்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

என் மனைவி தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தின வாரமே கார் கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருந்தது. ஓட்டுவது அவள்தான். தாடிக்கொம்பு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. இடது காலை எந்நேரமும் கிளட்ச் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுவாள். "காலை எடுடி, பிளேட்டு தேஞ்சு போகும்" என்று வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்தேன். "அப்ப நீ ஓட்டு, நான் ஒக்காந்துக்கிட்டு நொட்டை சொல்றேன்" என்பாள். புது பிளேட்டை அவளே கடையில் வாங்கிவந்து பீரோ மேல் வைத்திருந்தாள். நான் வேடசந்தூரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில் வரவில்லை, சுடுகாட்டிலும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டால் தாடை மரத்துக் கிடக்குமே, அது மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. சோறு போட்டால் தின்றேன். தொட்டுக்கொண்ட வெஞ்சனம் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவளுடைய அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் அப்பாவின் தங்கச்சி, சொந்த அத்தை. நான் பிறந்ததிலிருந்து என்னை 'அப்பு' என்று கூப்பிட்டவள். மருமகன் ஆன பிறகும் மாற்றவில்லை. பால் ஊற்றிவிட்டு வந்த அன்றைக்கு, எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா நீ? எம்மக ஒனக்கு அம்புட்டுத்தானா?" அதோடு 'அப்பு' நின்றுபோனது. "அவருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்று சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தையும் என்னை விட்டுவிட்டால் எனக்கென்று யாரும் மிச்சம் இல்லை. அது நன்றாகத் தெரிந்தும் கண் காய்ந்துதான் கிடந்தது.

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் கண்ணைத்தான் பார்த்தார்கள். அதனால்தான் கார்.

"இப்ப இது தேவையா மச்சான்?" என்றான் அவளுடைய தம்பி. வத்தலக்குண்டிலிருந்து வந்து கூடவே தங்கியிருந்தான். ஆனாலும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தான்.

துக்க வீட்டில் வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்லக் கூடாது. போகிறவர்களும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. காருக்கு அடியில் கிடக்கிறவனுக்கு இதைவிட வசதியான சம்பிரதாயம் கிடையாது. செருப்புகள் வந்தன, நின்றன. "என்னப்பா, இப்பிடி ஆயிப்போச்சு" என்று என் காலைப் பார்த்துச் சொன்னார்கள். செத்த நேரம் கழித்துப் பார்த்தால் செருப்புகள் இருக்காது. ஒருத்தர் மட்டும் குனிந்து, தன் வண்டியிலும் கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வருவதாகவும், பதினாறு முடிந்ததும் ஒரு பார்வை பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டார். வந்தவர்களிலேயே எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

மச்சினனும் நானும் கியர்பாக்ஸைக் கீழே இறக்கினோம். பழைய பிளேட்டைக் கையில் எடுத்தேன். ரிவெட் வெளியே தெரியும் அளவுக்கு மழுங்கத் தேய்ந்திருந்தது. எல்லாம் அவள் கால் பார்த்த வேலை. 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்று காட்ட ஆள் இல்லையே என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. அதை மண்ணில் வைத்துவிட்டுப் புதுசை மாட்டினேன்.

கியர்பாக்ஸ் மறுபடி மேலே ஏறுவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப்போனது. அதை முடுக்கி, கேபிளை மாட்டி முடித்தபோது மச்சினன் கியர் ஆயில் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். இனி ஒரு வேலைதான். ஒருத்தர் மேலே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க, ஒருத்தர் கீழே இருந்து லீவர் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"மிதி" என்று குரல் கொடுத்தேன்.

லீவர் நகரவில்லை.

"மிதிடி. மேல என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

வாசலில் பேச்சு நின்றுபோனது. உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெரியம்மாகூட நிறுத்திவிட்டாள். யாரைக் கூப்பிட்டேன் என்று அப்புறம்தான் எனக்கே உறைத்தது. ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே கிடந்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

செருப்பில்லாத இரண்டு கால்கள் வந்தன. குதிகாலில் வெடிப்பு. கதவு திறந்தது, சீட்டு கிறீச்சிட்டது.

"எதை மிதிக்கணும் அப்பு?"

"எடது பக்கம் இருக்கறத, அத்த."

சீட்டு இன்னும் என் மனைவியின் உயரத்துக்கு முன்னால் இழுத்துவிட்டபடியே இருந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே குட்டைக் கால். அத்தைக்கு எட்டியது. கேபிள் இழுத்தது, லீவர் நகர்ந்தது.

"விடு." லீவர் திரும்பி வந்தது. "மிதி." மறுபடி நகர்ந்தது.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"அவளும் இப்பிடித்தான் மிதிப்பாளா?"

"மிதிப்பா. காலை எடுக்கத்தான் மாட்டா."

லீவர் இழுத்தபடியே நின்றது. அத்தை காலை எடுக்கவில்லை. கேபிள் மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு நட்டு இன்னும் முடுக்க வேண்டும், அதற்கு அவள் காலை எடுத்தாக வேண்டும். 'விடு அத்த' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த லீவரையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.