ஈசன் எடுத்துக்கொண்ட சால்வை

அன்பிற்குரிய அடியார்களே, அறப்பணிக்குப் பொருள் கேட்கக் கூசி நிற்கும் நல்லவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் பொருட்டு இதனை எழுதி வைத்தல் என் கடனாயிற்று.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. ஓசூரில் காது கேளாப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்திய பள்ளியின் சிற்றுந்து பழுதாகி நின்றது. தொரப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே முடங்கினர். அரும்பாடுபட்டுக் கற்ற சொற்கள் அவர்கள் நாவிலிருந்து ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. சுற்றிலும் ஆலைகள். அவற்றிடம் உதவி கேட்கத்தான் எங்களில் ஆளில்லை.

அறங்காவலர்க்கும் ஆசிரியர்க்கும் கேட்கும் முறையைக் கற்பிக்கும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. நான் ஆலை மேலாளர்போல் நாற்காலியில் அமர்வேன். அவர்கள் வந்து கேட்டுப் பழகவேண்டும். அறங்காவலரான விதைக்கடை கோவிந்தப்பா ஒவ்வொரு முறையும் எனக்குச் சால்வை போர்த்துவார், நலம் உசாவுவார், வணங்கி வெளியேறிவிடுவார். உண்மையான ஆலை மேலாளர் ஒருவரிடமும் இருமுறை அவ்வாறே செய்து திரும்பியிருந்தார்.

“வண்டியைப் பற்றிக் கேட்டீரா?” என்றேன்.

“அதெப்படிங்க ஐயா, வெறுங்கையோட போயி நிக்கிறது? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல?”

“போத்திட்டுக் கேளுங்களேன் சார்” என்றார் ஆசிரியை இரத்னம்மா.

“நல்லா சொன்னீங்க டீச்சர்! போத்தின கையோட கேட்டா, சால்வைக்கு வெல கேட்ட மாதிரி ஆயிடாதா?”

கற்பித்ததெல்லாம் பாறைமேல் பெய்த மழை. மனம் வெதும்பி மலைக்கோயிலுக்கு ஏறினேன். “ஈசனே, இவர்களுக்கு நாவைக் கொடு, இயலாதெனில் எனக்குப் பொறுமையையாவது கொடு” என்று முறையிட்டேன். சினத்தோடு ஏறினேன். சினத்தோடுதான் இறங்கினேன்.

மறுநாள் கோவிந்தப்பா, இரத்னம்மா, நான் என மூவரும் பெங்களூர்ப் பேருந்தில் ஏறி, அதே ஆலையின் வாயிலில் இறங்கினோம். பேருந்து நகர்ந்த பிறகே கோவிந்தப்பா தம் கையைப் பார்த்தார்.

“அய்யய்யோ, சால்வைப் பை சீட்டுலயே போச்சே!”

“இன்னும் கொஞ்ச நேரத்துல பார்டர் தாண்டிடும் சார். எந்தக் கன்னடக்காரருக்குக் குடுத்து வெச்சிருக்கோ!” என்று இரத்னம்மா சிரித்தார்.

வேறொன்று வாங்கி வரத் திரும்பியவரை, வாயிற்காவலர் உள்ளே அழைத்துவிட்டார்.

மேலாளர் எதிரே அமர்ந்தோம். போர்த்த ஒன்றுமில்லாத கோவிந்தப்பாவின் கைகள் மேசைமீது செய்வதறியாது கிடந்தன. தம் தாய்மொழியான தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். பின்பு சொன்னார்: “சார், எங்க வேன் நின்னுபோச்சு. புள்ளைங்க பேச்சை மறக்குதுங்க. நீங்கதான் ஒரு வண்டி குடுக்கணும்.”

மேலாளர் வியந்தார். “ரெண்டு தடவையும் இதுக்கா வந்தீங்க? ஏதோ விழாவுக்குக் கூப்புடப் போறீங்கன்னு இல்ல காத்துக்கிட்டு இருந்தேன்! காலை ஷிப்ட்டை எறக்கிட்டு எங்க பஸ் சும்மாதானே நிக்குது? அனுப்புறேன்.”

அவ்வாரமே பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். நான் ‘கொடு’ என்று வேண்டினேன், ஈசன் எடுத்துக்கொண்டான். அன்றுமுதல், அவனை வணங்காமல் நான் எவர்க்கும் பயிற்சி தொடங்கியதில்லை. கோவிந்தப்பா மட்டும் ஆலைக்குப் புறப்படும்போதெல்லாம் துணிக்கடையை ஏக்கத்தோடு பார்க்கிறார். நான் பல்லைக் கடிக்கிறேன். பொறுமை இன்னும் அருளப்படவில்லை.

அடியார்களே, மனிதர்முன் நின்றாலும் ஈசன்முன் நின்றாலும், வெறுங்கையோடு நின்று கேளுங்கள். அவன் கைவிடான்.

நினைவிலிருந்து எழுதியது இது. பிழை காணின் திருத்தியருளுங்கள். அதைச் சொல்லவும் சால்வையோடு வரவேண்டா.