வட்டமெல்லாம் மரக்கறி

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் தலைப்பில் இருக்கும் பேக்கரியில் முப்பத்தொரு வருசம் மா தேய்த்து வெட்டினேன். போன வருசம்தான் ஓய்வு. இப்போது பேஸ்ட்ரி வேலைக்கு வருகிற பிள்ளைகள் கையில் சர்டிபிக்கட்டோடு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் சர்டிபிக்கட் வகுப்பில் சொல்லித்தராத இரண்டொரு விசயம் உண்டு. அதை எழுதினால் நான் செய்த பிழையையும் எழுதவேண்டி வரும். பரவாயில்லை, எழுதுகிறேன்.

1. திருகாதே

முதல் நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தேன். முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் அவரே பேஸ்ட்ரி மேசையில் நின்றவர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பஃப் மாவை என் முன்னால் வைத்து, பித்தளைக் கட்டர் ஒன்றையும் தந்து, வட்டம் வெட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் ரொட்டி தட்டியவளுக்கு வட்டம் வெட்டத் தெரியாதா என்ற நினைப்பு எனக்கு. போத்தல் மூடி திறப்பதுபோல கட்டரை அழுத்தி அழுத்தித் திருகினேன். நாற்பது வட்டமும் பார்க்க அச்சாவாக இருந்தன. போறணை அடுப்பில் வெந்து வந்தபோது ஒன்றுகூட நேராக நிற்கவில்லை.

ஹாஜியார் ட்ரேயைக் குனிந்து பார்த்தார். "என்ன பிலோமினா, எல்லாம் பஸ்ஸுல தொங்குற ஆக்கள் மாதிரி சாஞ்சி நிக்குது?"

பிறகு தானே கட்டரை எடுத்துக் காட்டினார். "நேரா குத்துங்க, நேரா எடுங்க. திருகினா ஓரம் ஒட்டிக்கும். ஒட்டின பக்கம் எழும்பாது."

அன்றைக்கே மற்றதையும் சொன்னார். தேய்த்த மாவை ஃபிரிட்ஜில் இருபது நிமிசம் இருக்க விடாமல் வெட்டினால் வட்டம் சுருங்கி முட்டைபோல ஆகிவிடும். வெட்டி மிஞ்சிய துண்டுகளை உருட்டிப் பிசையக் கூடாது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்க்க வேண்டும். முதல் தேய்ப்பில் வெட்டியது மேல்மூடிக்கு, மிச்சத்தைத் தேய்த்து வெட்டியது அடிக்கு. கொழும்பில் எந்த பேக்கரிக்குப் போனாலும் இந்த நாலு வார்த்தை உங்களைக் காப்பாற்றும்.

2. எழுதாத சட்டம்

எங்கள் கடையில் பேஸ்ட்ரியின் உருவத்தைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். நீள்சதுரம் என்றால் மீன். அரைவட்டம் என்றால் ஆட்டிறைச்சி. வட்டம் மரக்கறி. இதை எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை. வட்டம் ஏன் மரக்கறிக்கு வந்தது என்று கேட்டால் ஹாஜியாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒழுங்கையில் இருக்கிற சின்னப்பிள்ளைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று விரலை நீட்டத் தெரியும்.

அப்படி வட்டத்தை மட்டும் காட்டுகிறவர்களில் ஒருவர், கடற்கரைப் பக்கத்து மாடிவீட்டில் தனியாக இருந்த ஒரு ரீச்சர். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிபோல, கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது இரண்டு வட்டம் வாங்குவார். முதன்முதல் வாங்க வந்த அன்றே, நாங்கள் வேலை செய்கிற குசினியின் கதவுவரை வந்து, வட்டத்தின் மேல் முட்டை பூசுகிறோமா என்று கேட்டார். பூசுகிறோம் என்றேன். முகம் வாடிவிட்டது.

அன்றைக்குத்தான் விசயம் தெரிந்தது. அவருடைய ஒரே மகன் வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்கு என்று புறப்பட்டவன். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவன் வாசலில் வந்து நிற்கும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை, முட்டையும் இல்லை என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தார். இந்த வட்ட பேஸ்ட்ரி அவனுக்குப் பிடிக்குமாம். ஒன்று அவர் சாப்பிடுவார், மற்றது அவன் படத்துக்கு முன்னால் வைப்பார்.

மறுநாளிலிருந்து வட்டத்துக்குப் பால் பூசினேன். பால் பூசினால் முட்டையின் மினுக்கம் வராது, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஹாஜியாரிடம் காரணத்தைச் சொன்னேன். மங்கலாகவே இருக்கட்டும் என்றுவிட்டார்.

3. அந்த வெள்ளிக்கிழமை

மூன்று வருசத்துக்கு முன், கல்கிசையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஆட்டிறைச்சி பேஸ்ட்ரி நூற்றைம்பது கேட்டார்கள். அரைவட்டம் வேண்டாம், வட்டமாக வேண்டும் என்றார்கள். தட்டில் அடுக்கினால் வடிவாக இருக்குமாம். நான் ஹாஜியாரைப் பார்த்தேன்.

"எல்லாம் ஒரே ஊட்டுக்குத்தானே போகுது, செஞ்சி குடுப்பம்" என்றார். "ஆனா மேல முள்ளுக்கரண்டியால மூணு குத்துப் போட்டு வைங்க. அடையாளம் இரிக்கணும்."

நான் போடவில்லை. மூன்று குத்துப் போட்டால் இறைச்சிக் குழம்பு பொங்கி மேல்மூடியில் கறை பிடிக்கும். முதல் தேய்ப்பில் வெட்டிய மூடி, முட்டை பூசி, பொன் நிறத்தில் எழும்பி நிற்கும்போது அதில் கறை படுவதை என் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. மறதி என்று சொல்லித் தப்பலாம். மறதி இல்லை, கர்வம்தான்.

நூற்றைம்பதும் வான் வண்டியில் ஏறின. மா மிஞ்சியது, இறைச்சியும் மிஞ்சியது. வீணாகப் போகக்கூடாது என்று இன்னும் பன்னிரண்டு செய்து, எங்கள் தேநீருக்கு ஆகும் என்று ஒரு ட்ரேயில் வைத்துவிட்டு, பணிஸ் மா பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ட்ரே இல்லை. முன்னால் ஓடினேன். கவுண்டரில் நிற்கும் சுனில் என்னோடு இருபது வருசம் வேலை செய்தவர், ஒரு பொருளை மாற்றி வைக்காதவர். கண்ணாடிப் பெட்டியில் மரக்கறி வரிசையில் அவற்றை அழகாக அடுக்கி வைத்திருந்தார்.

"ரவும் ஒக்கோம எலவளு நே, அக்கே" என்றார் சிங்களத்தில். வட்டமெல்லாம் மரக்கறிதானே என்கிறார். அவரில் என்ன பிழை? அந்தச் சட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

எண்ணிப் பார்த்தேன். பத்து இருந்தது. மற்ற இரண்டும் எங்கே என்று கேட்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை, மணி நாலரை தாண்டியிருந்தது.

ஏப்ரனைக் கழற்றவில்லை. மா அப்பிய கையோடு ஒழுங்கையில் ஓடினேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போது மாதாவே, இன்னும் தேத்தண்ணி போட்டிருக்கக் கூடாது என்று மட்டும்தான் மன்றாடினேன்.

ரீச்சர் கதவைத் திறந்தார். மேசையில் வெறும் கோப்பையும், துகள் மட்டும் மிஞ்சிய தட்டும் இருந்தன. சுவரோரம் மகனுடைய படம். அதற்கு மாலை போட்டிருக்கவில்லை. படத்துக்கு முன்னால் மற்ற பேஸ்ட்ரி மினுங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கோ பிலோமினா. இண்டைக்கு சோயா மீற் போட்டனீங்களோ? நல்ல ருசி" என்றார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திராது. படத்துக்கு முன்னால் இருந்ததை ஏதாவது சாட்டுச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஓம் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. படியேறி வந்த மூச்சு வாங்கியதால்தான் கொஞ்சம் தாமதித்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில், அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் இந்த முகத்தைப் பார்க்கவேண்டி வருமே என்று நினைத்தேன்.

"சோயா இல்லை ரீச்சர். ஆட்டிறைச்சி. என்ர பிழை" என்றேன்.

அவர் உள்ளே போனார். பைப்பில் தண்ணீர் விழும் சத்தமும், வாய் கொப்பளிக்கும் சத்தமும் வெகுநேரம் கேட்டன. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். திரும்பி வந்தபோது அவர் முகமும் சேலைத் தலைப்பும் நனைந்திருந்தன.

"நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிராது."

"ஓம், ரீச்சர்."

"பதினொரு வருசம், பிலோமினா."

படத்துக்கு முன்னால் இருந்ததை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என் கையில் தந்தார். "அப்ப நேர்த்தியை இண்டையில இருந்து திரும்பத் தொடங்கவேணும்" என்று, என்னிடம் இல்லாமல் படத்திடம் சொன்னார். என்னை அவர் ஏசவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினார். நான் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

4. வட்டம் யாருக்கு

ஹாஜியாரிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்ற நிலையில்தான் நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான், ரீச்சரிடம் சொல்லிவிட்டீர்களா என்று. சொல்லிவிட்டேன் என்றதும் மா மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். குத்துப் போடாதது உங்கட பிழை, வட்டத்தை மாத்திக் குடுத்தது என்ட பிழை என்றார்.

அதற்குப் பிறகு இன்னொரு கல்யாண வீட்டார் அதே மாதிரிக் கேட்டு வந்தார்கள். பெரிய ஓடர். ஹாஜியார் முடியாது என்றார். ஒரு கட்டரை மாற்றி வெட்டுவதில் என்ன கஷ்டம் என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

"வட்டத்த வேற ஆக்களுக்குக் குடுத்து முடிஞ்சிது" என்றார் அவர்.

ரீச்சர் அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் மட்டும் இரண்டு வட்டம் வெட்டி, பால் பூசி, எடுத்து வைத்துக்கொண்டேயிருந்தேன். மூன்றாவது வெள்ளி கவுண்டரைத் தாண்டி நேராகக் குசினிக் கதவுக்கு வந்தார்.

"உள்ளுக்கு என்ன?"

"கிழங்கும் லீக்ஸும். நான்தான் வெட்டினனான், நான்தான் நிரப்பினனான்."

ஒன்றை வாங்கி இரண்டாகப் பிட்டார். ஆவி வந்தது. உள்ளே பார்க்கக்கூட இல்லை. பாதியை என்னிடம் நீட்டினார்.

"முதல் நீங்கள் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விழுங்கிய பிறகு மற்றப் பாதியைத் தன் வாயில் வைத்தார். மற்ற பேஸ்ட்ரியை மகனுக்கு என்று காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார். அடுத்த வெள்ளியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் உண்டு. நேராகக் குத்தி நேராக எடுங்கள். மா இருக்கிற நேரம் இருக்கட்டும். ட்ரேயில் அடையாளம் போட்டுவிட்டு அப்பால் போங்கள், அழகு கெட்டால் கெட்டுப் போகட்டும். அப்படியும் பிழை நடந்தால், ஏப்ரனைக் கழற்றாமல் அந்த வீட்டுப் படியேறிச் சொல்லிவிடுங்கள்.

ஓய்வு பெற்றுவிட்டாய், வெள்ளிக்கிழமையில் எங்கே போகிறாய் என்று என் வீட்டில் கேட்கிறார்கள். மூன்று மணிக்கே கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால்தான் நாலுக்குப் போய்ச் சேரலாம். ரீச்சரின் மகனிடமிருந்து இன்னும் ஒரு சேதியும் இல்லை. திரும்பத் தொடங்கியதில் இது மூன்றாவது வருசம். குசினிக் கதவடியில் அவர் பேஸ்ட்ரியைப் பிட்டு வைத்துக்கொண்டு நிற்பார், நான் போய் என் பாதியைச் சாப்பிடும்வரை.