இடது கையில் படித்த தீயணைப்பு

காட்டுப்பள்ளியிலிருந்து அத்திப்பட்டு ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம், நானும் என் தோஸ்தும். காலையில் எங்களை ஏற்றி வந்த வேன் சாயங்காலம் தேர்வில் பாஸானவர்களை மட்டும்தான் திருப்பி ஏற்றும் என்று எங்களைக் கூட்டி வந்த மேஸ்திரி சொல்லிவிட்டார். கண்டெய்னர் லாரிகள் எங்கள் மேல் தூசியை வாரிப் போட்டுவிட்டுப் போயின.

"தப்பு உன் மேலதான் மாமு," என்றான் தோஸ்து. "நா இன்னா சொன்னேன்? கைய மடியில வச்சிக்கினு லேசா ஆட்டுன்னேன். நீ அந்தாளு மூஞ்சிக்கே வுட்ட."

"மூஞ்சில படலயே."

"படாமயா நாற்காலியோட வுழுந்தாரு?"

காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் யார்டில் கூலி வேலைக்குப் போவதற்கே கேட் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் சேஃப்டி ஆபீசர் முன்னால் உட்கார்ந்து பாதுகாப்பு விதிகளை வாயால் சொல்ல வேண்டும். நான் படுத்துக்கொண்டிருந்த லாரி ஷெட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பாஸ் கிடைத்தால் யார்டிலேயே வேலை, அங்கேயே படுக்கை. கிடைக்காவிட்டால் ரெண்டும் இல்லை.

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. அதற்குக் காரணம் என் ஞாபகம். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், ஓரேழ் ஏழிலிருந்து கிளம்பித்தான் வந்து சேருவேன். நடுவில் வாத்தியார் இருமிவிட்டால் மறுபடியும் ஓரேழ் ஏழு. ஆபீசரோ எந்த விதியையும் எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்பார் என்றார்கள்.

தோஸ்து வியாசர்பாடிக்காரன், பாக்ஸிங் போடுகிறவன். அவன்தான் வழி சொன்னான். "மண்டையில நிக்காத சரக்கு கையில நிக்கும். எங்க கோச்சு குத்து நம்பர் சொன்னா, யோசிக்கிறதுக்குள்ள கை போய்கினே கீது." ஒவ்வொரு விதிக்கும் ஒரு குத்து வைத்துக் கொடுத்தான். ஹெல்மெட்டுக்கு நேர் குத்து. உயரத்தில் மாட்டும் பெல்ட் விதிக்கு, கீழிருந்து மேலே ஒரு குத்து. தீப்பிடித்தால் இடது ஹூக், அதாவது பக்கவாட்டிலிருந்து வளைத்து விடும் குத்து. அவன் வீட்டு மொட்டை மாடியில் பயிற்சி. அதிசயமாக, வாழ்க்கையில் முதல்முறையாக நான் நடுவிலிருந்து பதில் சொன்னேன். கை போகாவிட்டால் பதிலும் வராது என்பதை மட்டும் இருவருமே யோசிக்கவில்லை.

ஆபீசர் நல்ல மனுஷன். டீயெல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஹெல்மெட் எதுக்குப்பா?" மேசைக்கு அடியில் குத்தினேன், பதில் வந்தது. "உயரத்துல வேலை செஞ்சா?" கீழிருந்து மேலே போன கை மேசையின் அடியில் இடித்தது. டீ கிளாஸ் எகிறியது. அதைப் பிடிக்க முன்னால் சாய்ந்தவர், அந்த நேரம் பார்த்துத்தானா கேட்க வேண்டும், "தீப்பிடிச்சா?"

ஹூக் அவர் மூக்குக்கண்ணாடி வரைக்கும் போய் நின்றது. அவர் நிற்கவில்லை, நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். நான் எட்டிப் பார்த்து, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன்: "அலாரம் அடிச்சிட்டு, லிஃப்ட்ல போவாம, எல்லாரும் ஒன்னு கூடுற எடத்துக்குப் போவணும் சார்."

"கரெக்ட்," என்றார் தரையிலிருந்து. "வெளிய போ."

அடுத்தது தோஸ்து. குத்திக் குத்திக் காய்த்திருந்த அவன் விரல் முட்டிகளைப் பார்த்துவிட்டு, "நீயும் அதே ட்யூஷனா?" என்று கேட்டார். அவனும் வெளியே வந்துவிட்டான்.

"சரி வுடு," என்றான் இப்போது. "கைய பாக்கெட்ல வச்சிக்கினு சொல்லு பாக்கலாம். தீப்பிடிச்சா?"

வைத்துக்கொண்டேன். மண்டையில் எண்ணூர்ப் புகையைத் தவிர ஒன்றுமில்லை. இடது கையை வெளியே எடுத்து ஒரு ஹூக் விட்டேன். அலாரம், லிஃப்ட் எல்லாம் வரிசையாக வந்தன. தோஸ்து ஒரு குடோன் வாசலிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

அதற்கும் ஒரு விதி உண்டு. எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. வலது கை அவன் வயிற்றில் இறங்கியது. அவன் ஓரத்து மணலில் போய் மடங்கி விழுந்த பிறகு, கணீரென்று வந்தது: "ரிவர்ஸ் வர்ற வண்டிக்குப் பின்னால நிக்கக் கூடாது!"

டிரெய்லர் அவன் நின்ற இடத்தை மிதித்துக்கொண்டு போனது.

"சொல்லிட்டு அடிச்சிருக்கலாம்ல நைனா?" என்றான் மணலைத் துப்பியபடி.

"அடிச்சாத்தான் வருது."

ரயிலில் திருவொற்றியூர் தாண்டும் வரை வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தான். பிறகு, அடுத்த மாதம் மறுபடியும் தேர்வு வைப்பார்கள், இந்தத் தடவை காலால் படிக்கலாம், மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாது என்றான்.

"அவரு காலும் மேசைக்கு அடியிலதான் கீது," என்றேன்.

அடுத்த மாதம் வரை பொறுக்க எனக்குப் படுக்க இடமில்லை. மறுநாள் காலை காசிமேட்டில், படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். மேல் அறையில் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அங்கிருந்த பெரியவரும் வேலை தருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"குளுரு தாங்குவியா?"

"தாங்குவேன்."

"அப்ப புடி," என்று ஒரு முழுக் கட்டியை என் பக்கம் தள்ளினார்.