இரண்டாவது தடவை யாரும் கேட்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபது. பூந்தமல்லி ரோட்டில், மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் தகரத் தடுப்பை ஒட்டி, ஆட்டோவுக்குள் உட்கார்ந்து மொபைலையே முறைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் கான்கிரீட் லாரி. பின்னால் தண்ணீர் லாரி. இப்போதைக்கு எதுவும் நகர்கிற மாதிரித் தெரியவில்லை.

அதென்ன பதினொன்று இருபது கணக்கு என்கிறீர்களா? ஜெர்மனியில் அப்போது காலை ஏழு ஐம்பது. என் மகள் மதுமிதா ஸ்கூலுக்குள் நுழைகிற நேரம்.

பிளஸ் ஒன் படிக்கிறவள். எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்டாக ஒரு வருடம் அங்கே படிக்கப் போயிருக்கிறாள். போய் மூன்று வாரம் ஆகிறது. சின்ன ஊர், சபீனா என்கிற ஜெர்மன் அம்மாளின் குடும்பத்தோடு தங்கல். ஏர்போர்ட்டில் ஈயென்று சிரித்துக்கொண்டு டாட்டா காட்டியவள் நான்தான். கார் காட்டுப்பாக்கம் திரும்புவதற்குள் துப்பட்டா நனைந்துவிட்டது... அதை விடுங்கள்.

அன்றைக்குக் காலையில் ஒரு இமெயில் வந்திருந்தது. மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் கோ-ஆர்டினேட்டர் அம்மா எழுதியிருந்தார். மரியாதையான ஆங்கிலம். விஷயம்தான் அவ்வளவு மரியாதையாக இல்லை.

மதுமிதா ரொம்ப நல்ல பெண். ஆனால் வகுப்பில் இதுவரை ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை. பாடமே புரியவில்லையோ என்று ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். வீட்டிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை. இந்த மாதக் கடைசி வரை பார்க்கலாம். இப்படியே போனால், அவளை ஊருக்கே அனுப்பிவிடுவது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

பாடம் புரியவில்லையா? இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு ஜெர்மன் கிளாஸ் போனவள். கணக்கில் புலி. சாப்பாட்டில்... அதிலும் புலிதான். நாலு தோசைக்குப் பிறகு ‘இன்னொண்ணு முறுகலா’ என்று கேட்கிறவள். அவளுக்கு என்ன ஆயிற்று? உடம்பு சரியில்லையா? யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? போனில் கேட்டால் மட்டும், “நல்லா இருக்கேம்மா.” அந்த ‘நல்லா’வை நம்பவா, இமெயிலை நம்பவா?

“இன்னாமா, மூஞ்சே சரியில்ல? பாப்பா போன் பண்ணலியா?” என்றார் முருகேசன் அண்ணன், கண்ணாடியில் என்னைப் பார்த்து. பக்கத்து ஊர் நூம்பல்காரர். மதுவை ஆறு வருடம் ஸ்கூலுக்குக் கூட்டிப்போனது இதே ஆட்டோவில்தான்.

சொன்னேன். 

“பாப்பாவா துன்னல? பத்து மணி பெல்லு அட்ச்சா டிபன் பாக்ஸ காலி பண்ணிடும் அது!” என்று அவரும் கவலையாகிவிட்டார்.

வண்டிகளுக்கு நடுவே சைக்கிளில் டீ வந்தது. இரண்டு வாங்கி, ஒன்றை அவரிடம் நீட்டினேன்.

“வோணாம்மா. இப்பதான் குட்ச்சேன்.”

“பரவால்ல, குடிங்க அண்ணா.”

“ஐய, வோணாம்மா. நீ குடி.”

“ரெண்டு டீயை நான் என்ன பண்றது? ஆறிடும் அண்ணா.”

“செரி... குடு.”

வாங்கிய வேகத்தில் பேப்பர் கப் காலி. காலையிலிருந்து ஒரு சொட்டு டீ உள்ளே போயிருக்காது மனிதருக்கு!

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. கையிலிருந்த டீ துப்பட்டாவில் சிந்தியதைக்கூடக் கவனிக்கவில்லை.

மதுவுக்கு ஐந்து வயது இருக்கும்போது, எதிர் ஃப்ளாட்டில் லட்டு நீட்டினார்கள். கேட்டு முடிப்பதற்குள் கையை நீட்டிவிட்டாள். நான் சிரித்த முகம் மாறாமல் அவள் தொடையில் கிள்ளினேன். வீட்டுக்கு வந்ததும் பாடம் எடுத்தேன்: “கேட்டவுடனே வாங்கிடக் கூடாது. அலையுறா மாதிரி இருக்கும். வேணாம்னு சொல்லு. அவங்க திரும்பத் திரும்பக் கேப்பாங்க. அப்புறம் வாங்கிக்கோ.”

அவளும் அப்படியே வளர்ந்தாள். ‘எவ்ளோ அடக்கமான பொண்ணு’ என்று நாலு பேர் சொன்னபோது என் தலை கொஞ்சம் கனத்தது உண்மை.

அன்று மாலை நாலரைக்கு, அவள் ஸ்கூல் விட்டதும், ஃப்ளாட் வாசலில் நின்று கூப்பிட்டேன். நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“மது, அந்த சபீனா ஆன்ட்டி ராத்திரி இன்னொரு பிரெட் வேணுமான்னு கேட்டா என்ன சொல்றே?”

“நோ தேங்க்ஸ்னு சொல்லுவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம்... எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிடறாங்கம்மா.” குரல் உடைந்தது. “நீ குடுத்த முறுக்கும் தீந்துபோச்சு.”

மூன்று வாரம்! ஒரு துண்டு ரொட்டியும் நாலு முறுக்குமாக என் பிள்ளை படுத்திருக்கிறாள். அந்த அம்மாள் மேல் கோபப்பட முடியுமா? வேண்டாம் என்றவளை வற்புறுத்தக் கூடாது என்று அவர் நினைக்கிறார். மரியாதை தெரிந்தவர். தப்பு அவருடையது இல்லை. காட்டுப்பாக்கத்தில், என் வீட்டு ஹாலில், நான் செய்தது.

“கிளாஸ்ல?”

“மேத்ஸ் சார் போர்டுல வந்து போடறியான்னு கேட்டாரு. எனக்குத் தெரியும்மா. சிரிச்சுட்டு வேணாம்னு தலையாட்டினேன். இன்னொரு தடவை கேப்பாருன்னு நெனச்சேன். வேற பையனக் கூப்பிட்டாரு.”

“அங்க யாரும் ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்கடி. வேணும்னா மொதல்லயே வேணும்னு சொல்லு. தெரிஞ்சா கையைத் தூக்கு.”

மெல்லக் கேட்டாள்.

“அலையுறா மாதிரி இருக்காதாம்மா?”

பதினோரு வருடத்துக்கு முன் கிள்ளியது, இப்போது எனக்கு வலித்தது.

“அலை! நல்லா அலை!” என்று கத்தினேன். ஈவ்னிங் வாக் போய்க்கொண்டிருந்த எதிர் ஃப்ளாட்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை ராத்திரி மூன்று துண்டு ரொட்டியும் பாதி சீஸும் உள்ளே போனதாகத் தகவல். வியாழக்கிழமை கை தூக்கியிருக்கிறாள்.  கணக்கு சரி, ஜெர்மன் தப்பு, இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். அவளும் சிரித்தாளாம். பிறகு பாத்ரூமில் போய் அழுதாளாம். இதையும் இப்போது மறைக்காமல் சொல்கிறாள். முருகேசன் அண்ணனிடம் சொன்னபோது, “மூணு தபா கேட்டாதான் துன்னுவேன்னா அந்த ஊர்ல பட்டினிதாம்மா!” என்று சிரித்தார். இவர் சொல்கிறார் பாருங்கள்!

கோ-ஆர்டினேட்டர், ‘முன்னேற்றம் தெரிகிறது, மாதக் கடைசியில் பேசுவோம்’ என்று எழுதியிருக்கிறார். அதுவரை தினமும் பதினொன்று இருபதுக்கு நான் மொபைலை முறைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் சும்மா இருக்கிறதா?

“ரொம்பக் கஷ்டமா இருந்தா... நீயே வந்துடறியாடி?”

“வேணாம்மா.”

அடுத்து, ‘நெஜமாவா?’ என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்கடுத்து, ‘அம்மாகிட்ட என்ன வெக்கம், சும்மா சொல்லு’ என்பதும் தயாராக வரிசையில் நின்றது.

கேட்கவில்லை. அவள் முதல் தடவை சொன்னதையே எடுத்துக்கொண்டேன்.